பீங்கானில் தெரிந்த கொழுப்பு

கண்ணுகளா, நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போடுங்கள். வெளியே கடல்காற்று ஊளையிட்டால் இடட்டும், நமக்கென்ன. ஒரு வெள்ளைச் சில்லு சாட்சி சொல்லி ஒரு மனிதரைக் காப்பாற்றிய கதையைச் சொல்கிறேன்.

ஆமலாந்துத் தீவின் படகுத்துறையில் கயிறு பிடிக்கிற வேலை தியாலிங்குக்கு. ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, வேறொருவர் ஈரலுக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தார். இரண்டு முறை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். இரண்டு முறையும் கிடைத்த ஈரல் சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, நான்காவதுக்கு அவர் உடம்பு தாங்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த மூன்றாவது ஈரல் வேறோர் ஊரில், சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தது. அதை எடுத்துவரப் போன குழுவில் ஒருத்தி வீப்ரிக். ஒளிக்கோல் அவள் பொறுப்பு. பேனா கனம்தான் இருக்கும். ஈரல்மேல் வைத்தால் உள்ளே ஒளியை விட்டு, திரும்பி வருகிற மிச்சத்தை வாங்கிக்கொள்ளும். கொழுப்பு ஒரு வகை ஒளியை மட்டும் தின்றுவிடும். எவ்வளவு தின்றது என்று பார்த்தால் எவ்வளவு கொழுப்பு என்று தெரிந்துபோகும். நூற்றுக்கு முப்பதைத் தாண்டிவிட்டால் தியாலிங் மாதிரி நொந்த உடம்புக்கு அது ஆகாது.

அந்தக் கோலுக்கு ஒவ்வொரு முறையும் வெள்ளை எது என்று காட்டித் தரவேண்டும். அதற்கென்று ஒரு வெள்ளைப் பீங்கான் சில்லு உண்டு. முதலில் கோலுக்குச் சுத்தமான பிளாஸ்டிக் உறை, அப்புறம் சில்லு. இருபத்திரண்டு வருஷத்தில் வீப்ரிக் இந்த வரிசையை மாற்றியதே இல்லை.

அன்று காலை அவளுக்குப் பிறந்தநாள். ஆப்பிள் கேக்கோடு வந்திருந்தாள். பிறந்தநாள்காரி வெறுங்கையோடு வரலாமா? விளக்கு எரிகிறதா என்று பார்க்க, உறை போடாத கோலைச் சில்லில் ஒருமுறை தொட்டாள். உறையைப் பிரிக்கப் போன நேரத்தில் குழு முழுக்க உள்ளே வந்துவிட்டது. அவளுக்குக் கைகொடுத்து வாழ்த்தினார்கள். அதோடு விடுவார்களா? அந்த ஊர் வழக்கப்படி, வீப்ரிக்குக்குப் பிறந்தநாள் என்று ஒருவருக்கொருவரும் வாழ்த்திக்கொண்டார்கள். எட்டுப் பேர் ஒருவர் விடாமல் கைகொடுத்து முடிக்க எவ்வளவு நேரமாகும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

"உன் கேக்கு வருஷா வருஷம் சின்னதாயிட்டே வருது. வயசு மட்டும்தான் வளருது" என்றார் ஹெஸல். அவர்தான் தலைமை அறுவை மருத்துவர்.

"நீங்க ஒருத்தரே ரெண்டு துண்டு எடுத்தா எப்படி வளரும்?" என்றாள் வீப்ரிக்.

பிறகு கை கழுவினாள், கோலுக்கு உறை மாட்டினாள். சில்லைத் தொட்டாயிற்று என்று மனம் சொன்னது. தொட்டதென்னவோ உண்மைதான்.

அறுவைக்கு முன்னால், மூளைச்சாவு அடைந்து ஈரல் கொடுப்பவருக்காக எல்லாரும் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார்கள். அவர் அக்கார்டியன் நன்றாக வாசிப்பார், பாட்டுதான் சுமாராக வரும் என்று அவர் மனைவி எழுதியிருந்ததைச் செவிலி வாசித்தாள். அதன் பிறகே கத்தி எடுத்தார்கள்.

பனிக்கட்டிக் கிண்ணத்தில் ஈரல் வந்ததும் ஹெஸல் அதை விரலால் தடவிப் பார்த்தார். கொழுத்த ஈரலுக்கு விளிம்பு உருண்டுபோகும். இதற்கு விளிம்பு கூராக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. வீப்ரிக் கோலை வைத்தாள். முப்பத்தெட்டு.

துண்டு நறுக்கி நுண்ணோக்கியில் பார்க்கிற ஆள் அங்கே இல்லை. வெளியூருக்கு அனுப்பிப் பதில் வருவதற்குள் காலம் கடந்துவிடும். ஹெஸல் கிண்ணத்தைவிட்டு விலகினார்.

"முன்னொரு தடவ என் விரல நம்பி ஒரு நோயாளி அம்மாவ இழந்திருக்கேன். மறுபடி நம்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசிப் பக்கம் போனார். தியாலிங்கைக் கட்டிலிலிருந்து இறக்கச் சொல்லத்தான்.

வீப்ரிக் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு இடத்தில் தொட்டிருந்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தேழு, மறுபடி முப்பத்தெட்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஈரல் அப்படி இல்லை, இடத்துக்கு இடம் மாறும். இப்படி ஒரே அச்சாக எப்படி வரும்? உறையோடு இருந்த கோலை எடுத்துச் சில்லின் மேல் வைத்தாள்.

இருபத்தேழு.

சூளையில் வெந்த பீங்கானுக்கு ஏது கொழுப்பு? பிளாஸ்டிக் எண்ணெயிலிருந்து பிறந்தது. கொழுப்பு தின்கிற அதே ஒளியை அதுவும் தின்னும். அதனால்தான் உறையோடு சில்லைக் காட்டவேண்டும். இன்று வெறுங்கோலைக் காட்டிவிட்டு, உறையின் கணக்கை ஈரலின் தலையில் கட்டியிருக்கிறாள். இடத்துக்கு இடம் இருந்த சின்ன வித்தியாசத்தையும் உறை விழுங்கிவிட்டது.

எதுவும் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. எண் உயர்ந்தது, ஈரலை வேண்டாமென்றோம் என்று போய்விடும். அறைக்கு அந்தப் பக்கம் ஹெஸல் தொலைபேசியில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஹெஸல், அவரக் கட்டில்லேயே இருக்கச் சொல்லுங்க. தப்பு ஈரல்ல இல்ல. எங்கிட்ட."

எல்லாரும் திரும்பினார்கள். காது மடல் சிவக்க, நடந்ததை அவள் ஒளிக்காமல் சொன்னாள். ஹெஸல் திட்டவில்லை.

"இப்போ நீ சொல்றத மட்டும் எப்படி நம்புறது?" என்றார்.

"என்னை நம்ப வேணாம். நீங்களே சில்லத் தொட்டுப் பாருங்க."

உறையோடு மறுபடி வெள்ளையைக் காட்டிவிட்டுக் கோலை அவர் கையில் கொடுத்தாள். அவர் சில்லைத் தொட்டார்: பூஜ்யம். ஈரலைத் தொட்டார்: ஒன்பது, பதின்மூன்று, பதினொன்று, எட்டு. மறுபடி சில்லு, பூஜ்யம். அவர் தொலைபேசியை எடுத்து, "கிளம்புறோம், தயார் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

தன் தப்பை வீப்ரிக் தன் கையாலேயே அறிக்கையில் எழுதினாள். அன்றுமுதல் அந்தக் குழு ஈரலைத் தொடுமுன் ஒருமுறை, தொட்டபின் ஒருமுறை சில்லைத் தொடுகிறது. மறுநாள் ஈரல் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தவர் பன்னிரண்டு என்று சொல்லி அனுப்பினார். ஆறு வாரம் கழித்துத் தியாலிங்கின் கண் வெளுத்தது. கோடையில் மறுபடி கயிறு பிடித்தார். வீப்ரிக் என்று ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்தப் பிறந்தநாளன்று வேலை முடிந்து வீப்ரிக் திரும்பிவந்து பார்த்தபோது தட்டில் ஒரு துண்டு கேக் மிச்சமிருந்தது. ஹெஸல் வழக்கமாக எடுக்கிற தன் இரண்டாவது துண்டை அவளுக்காக விட்டுவைத்திருந்தார்.

கதை கேட்ட கண்ணுகளா, உங்கள் வீட்டில் எல்லார் கண்ணும் வெள்ளையாய்த் தெளிந்திருக்கட்டும். தப்பென்று தெரிந்தால் சொல்கிற வாயும், சொன்னால் கேட்கிற காதும் அந்தக் கூரைக்குக் கீழே என்றும் குறையாதிருக்கட்டும்.