கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

அன்று அம்மா வாயை மறைத்தது கையாலா, மருத்துவமனைக் கோப்பாலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. கோப்பு என்றுதான் நினைவு. அந்த நினைவையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. அப்பாவின் முகம் மட்டும் மாறாமல் இருக்கிறது.

அப்பா இரும்புத் தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்து இரண்டு காதுகளையும் தொலைத்தவர். வலது காதில், நரம்புக்கு நேராக ஒலி அனுப்பும் காக்ளியர் கருவி பொருத்தியும் பேச்சு புரியவில்லை. நரம்பு வாடிவிட்டது என்றார்கள். "தகர டப்பா உருளுது, அவ்வளவுதான்" என்பார். இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அம்மா அதன் ஓரம் குனிந்து பேசினால் அவள் குரல் மட்டும் கேட்கும்.

அந்தக் காதைத்தான் ஒரு புதுச் சிகிச்சையின் பரிசோதனைக்குக் கொடுத்தார். கருவியோடு நரம்பு செல்களையும் உள்ளே செலுத்துவார்கள். அவை பிடித்துக்கொண்டால் பேச்சு தெளியலாம். இருக்கும் மிச்சமும் போய்விடக்கூடும் என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"போனா போகட்டும்டி. என் காதுல கத்திக் கத்தி உன் கழுத்தே கோணிப்போச்சு."

"என் கழுத்து, கோணினா கோணட்டும். இருக்கறதை வச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்."

அவர் சும்மா இருக்கவில்லை.

அறுவைக்குப் பிறகு மாதாமாதம் சோதனை. கண்ணாடி ஜன்னல் வைத்த அறைக்குள் அப்பா. இந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண். அவளுக்குப் பின்னால் அம்மாவும் நானும். இரைச்சலுக்கு நடுவே பதிவுசெய்த வாக்கியங்கள் ஒலிக்கும். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னார். மாதத்துக்கு மாதம் கூடுதலாகச் சொன்னார். மருத்துவர் மற்ற மருத்துவர்களை அழைத்து வந்து காட்டினார். வீட்டில் அப்பா அம்மாவைப் பேசவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு சிரித்தார். "பழைய குரலேதான்டி!"

ஒருநாள் எதையோ எடுக்கத் திரும்பிய அந்தப் பெண் அப்படியே நின்றாள். அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கத்து ஒலிபெருக்கியில் கேட்ட வாக்கியத்தைச் சத்தமில்லாமல் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கே அது தெரியாது. வீட்டில் டிவி பேசினாலும் விருந்தாளி பேசினாலும் அவள் வாய் அப்படித்தான் கூடவே போகும். பார்த்துப் பழகியதால் எனக்கும் உறைக்கவில்லை.

"கொஞ்சம் வாயை மறைச்சுக்குங்கம்மா" என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

அம்மா மறைத்தாள். அடுத்த வாக்கியம் ஒலித்தது. அப்பா காத்திருந்தார். அதற்கடுத்தது ஒலித்தது. அவர் ஜன்னல் வழியே எங்களைப் பார்த்தார்.

"என்னம்மா, மிஷினைப் போட மறந்துட்டீங்களா?"

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. உதட்டில் பார்த்ததைக் காதில் கேட்டதாகவே நம்பியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். "கூப்பிடு" என்றார். அம்மா இடது காதருகே குனிந்தாள்.

"ஏங்க."

அவர் தலையைச் சாய்த்துக் காதை அவள் பக்கம் இன்னும் நெருக்கினார்.

"தகரம்" என்றார்.

செல்கள் பிடிக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். பரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சோதனை செய்த பெண் வேறு வேலைக்குப் போய்விட்டாள். நான் கல்யாணமாகித் தனியே இருக்கிறேன். அப்பா இரண்டு கருவிகளையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். யாராவது பேசும்போது அம்மா உதடுகளை இறுக மூடிக்கொள்கிறாள்.