பத்து வளையம் இருந்தால்தான் நடவடிக்கை

அக்காவின் தரைக்கோழிகள் இருபத்தாறு. அத்தானின் கழுகுகள் நாற்பத்தொன்று. இருவரும் ஒரே வனவிலங்கு ஆய்வு நிலையத்தில் வேலை செய்து, ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவர்கள். நான் அக்காவின் தம்பி; அவர்களுடைய கணக்கெடுப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன்.

இந்தத் தீவில் முன்பு கழுகு மூன்றே ஜோடி. யாரோ ஒரு புண்ணியவான் கறிக்காக முயல்களைக் கொண்டுவந்து விட்டார். முயலுக்கு வேறு என்ன வேலை? பெருகியது. தின்னத் தின்னக் குறையாத முயலைக் கண்டு கழுகும் குடும்பத்தைப் பெருக்கியது. போகிற வழியில், இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத, பறக்கத் தெரியாத தரைக்கோழியையும் ஒரு கை பார்த்தது. முயல் மாதாமாதம் குட்டி போடும். தரைக்கோழி வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை.

"உங்க கழுகு என் கோழிய முழுங்குது" என்பாள் அக்கா, தட்டை அவர் முன்னால் நகர்த்திக்கொண்டே.

"என் கழுகா? நானா பெத்தேன்?"

கல்யாணமான ஏழு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம், முயலை ஒழிக்க வேண்டும் என்பது. சேர்ந்தே அறிக்கை எழுதினார்கள். முதலில் பாதிக் கழுகுகளைப் பிடித்து வேறிடம் கொண்டுபோக வேண்டும், பிறகே முயல் என்று அத்தான் அடியில் ஒரு வரி சேர்த்தார்.

"அதெல்லாம் எதுக்கு? முயல் போனா கழுகும் தானா போயிடும்" என்றாள் அக்கா.

"பசிச்சா அது ஊரை விட்டுப் போகாதும்மா. வேற சாப்பாடு தேடும்."

மேலிடத்தில் முயல் ஒரு பிரிவு, கழுகு வேறு பிரிவு. முயல் பிரிவு உடனே அனுமதித்தது. "கழுகுக்கும் வரட்டுமே, காத்திருப்போம்" என்றார் அத்தான். அக்கா காத்திருக்கவில்லை. நிலையத்தின் சரித்திரத்தில் கெடுவுக்கு முன்பே முடிந்த வேலை அது ஒன்றுதான். நாலே மாதத்தில் தீவில் முயல் இல்லை. இயக்குநர் கேக் வரவழைத்தார். அக்காவும் அத்தானும் சேர்ந்து கத்தியைப் பிடித்து வெட்டினார்கள்.

மறுவாரம் நாற்பத்தொரு கழுகும் பசியோடு உட்கார்ந்திருந்தன. தீவில் மிச்சமிருந்த சாப்பாடு இருபத்தாறு.

கழுகும் பாதுகாக்கப்பட்ட இனம். அதைத் தொட வேண்டுமானால் சேதத்தை நிரூபிக்க வேண்டும். தரைக்கோழிகளின் காலில் அக்கா தன் கையால் மாட்டிய வளையங்களில் பத்தாவது, கழுகுக் கூடுகளின் அடியில் கிடைக்க வேண்டும் என்பது விதி. நான் கழுகுப் பிரிவு அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"ஒன்பதுதான் சார் கிடைச்சிருக்கு."

"அவ்வளவு கிடைச்சிருக்குல்ல? இன்னொன்னும் வந்துடும். கவலைப்படாதீங்க தம்பி."

அவர் வாக்கு பலித்தது. பத்தாவதை அனுப்பினோம். குழு அடுத்த மாதம் கூடும் என்று பதில் வந்தது. பதினொன்று, பதினைந்து, இருபது என்று நான் ஏற்றிக்கொண்டே இருந்தேன். அத்தான் சந்தையில் மீன் வாங்கி மரத்தடியில் பரப்பினார். கழுகு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தகரத்தைத் தட்டி விரட்டினார். அது தலையைச் சாய்த்துக் கேட்டது.

அடுத்த மாதம் பிறந்தபோது ஒரு பெட்டைதான் மிச்சம். புதருக்குள் முட்டையின் மேல் படுத்திருந்தது. பத்தடி தள்ளி அக்கா உட்கார்ந்துகொண்டாள், விடிந்ததிலிருந்து. எதிரே பட்டமரத்தில் ஒரு கழுகு.

"எழுந்து வாயேன், ஒரு வாய் சாப்பிட்டுட்டு வரலாம்" என்றார் அத்தான்.

"நான் இருக்கிற வரைக்கும் அது இறங்காது. நீங்க போங்க."

கழுகு சிறகை விரித்தது. அக்கா பதறி எழுந்து, கையை ஆட்டிக் கத்தினாள். கழுகு அசரவில்லை. பெட்டைதான் மிரண்டது. படுத்திருந்தால் மண்ணோடு மண்ணாகத் தெரியாமல் போயிருக்கும்; அக்காவுக்குப் பயந்து புதரை விட்டு வெட்டவெளிக்கு ஓடியது. பத்தடிகூட ஓடவில்லை.

கழுகு அதைத் தூக்கிக்கொண்டு பட்டமரத்துக்கே திரும்பியது. பிறகு அக்கா புதருக்குள் குனிந்து முட்டையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"சூடா இருக்குங்க. இப்ப என்ன பண்றது?"

தன் கோழிகளைப் பற்றி அவள் அத்தானிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவருக்குக் கழுகு முட்டையைப் பற்றித்தான் தெரியும்.