ஊகமதன்

நுவரெலியாவில் குடியுரிமை விசாரணை நடந்த அன்று, திம்புள்ளத் தோட்டத்துத் தொழிலாளி அழகனிடம் அதிகாரி முதலில் கேட்டது இதுதான்: சொந்த ஊர் எது? பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். அவனோ தலைநிமிர்ந்து, “ஊகமதன்” என்றான். அப்படியோர் ஊர் இந்தத் தீவிலேயே இல்லை என்றார் மொழிபெயர்ப்பாளர். மனு தள்ளப்பட்டது.

அது ஊரின் பெயரன்று; ‘சொந்த ஊர்’ என்பதற்கான சொல். அழகனும், அவன் அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் ஹட்டன் துணிக்கடை முனாப்பும் ஞாயிறுதோறும் கூடிக் கட்டிவந்த புதுமொழியின் சொல். தோட்டத் தமிழனும் சிங்களக் கிராமத்தானும் முஸ்லிம் வியாபாரியும் ஒருவர் முன் ஒருவர் கூனாமல் பேச ஒரு மொழி வேண்டும் என்று இருவரும் கனவு கண்டார்கள். தமிழும் சிங்களமும் அரபும் பங்கு தராத எந்தச் சொல்லையும் அவர்கள் ஏற்பதில்லை.

“சோத்துக்கு என்னா சொல்லு வச்சிருக்கீங்க? அதை மொதல்ல சொல்லுங்க” என்று அழகனின் மனைவி பூரணி கேலி பேசுவாள்.

இப்போது அவள் கேலி பேசவில்லை. அவள் வயிற்றிலிருந்த பிள்ளைக்கும் நாடில்லாமல் போகவிருந்தது. முனாப்பின் கடைக்கே வந்து, அந்தச் சொல் பிறந்த கதையை அதிகாரியிடம் விளக்கும்படி கேட்டாள்.

மேல்விசாரணையில் அழகன் தன் ஊர் திம்புள்ள என்றே சொன்னான்; முனாப் முன்பு அவன் சொன்ன சொல்லைப் பிரித்துக் காட்டினார். ஊர் தமிழ். கம என்பது சிங்களத்துக் கிராமம்; அதன் தாய் பாலியின் காம, பாட்டி வடமொழியின் கிராம என்று கினிகத்தேனை ஊர்ப் பௌத்த பிக்கு ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார். வதன் என்பது அரபியில் தாயகம்; மூன்றும் சேர்ந்தபோது ‘ர்’, ‘வ’ இரண்டும் தேய்ந்துபோயின. மூன்றின் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்களே. அந்தச் சொற்களை எவரும் திருப்பி அனுப்பவில்லையே, இந்த மண்ணிலேயே பிறந்தவனை மட்டும் ஏன் அந்நியன் என்கிறீர்கள் என்று கேட்டார்.

அதிகாரி பொறுமையாகவே கேட்டார். அவருடைய பதிலை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: “நல்ல வெளக்கம்தான். ஆனா இங்க சொல்லுக்கு இல்ல, ஆளுக்குத்தான் விசாரணை. அன்னைக்கு ஊரைச் சொல்லாதவர் இன்னைக்கு திம்புள்ளன்னு சொல்றது, யாரோ சொல்லிக் கொடுத்ததுன்னு துரை நெனைக்கிறாரு.”

மனு மீண்டும் தள்ளப்பட்டது.

மூவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். பூரணி தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறி ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். வரும் ஞாயிறு வருவாயா என்று முனாப் தங்கள் மொழியில் கேட்டார். அழகன் தமிழில் பதில் சொன்னான்.

“இல்லீங்க நானா. இனி அதை நீங்களே பேசிக்கிடுங்க.”

பேச இன்னொருவர் இல்லாத மொழியோடு முனாப் ஹட்டனுக்குத் திரும்பினார்.