மூன்றாம் மேஜையில் ஒரு கிண்ணம்

தையல்காரர் அந்த ஒரு கிண்ணம் நூடுல்ஸைச் சாப்பிட ஒன்பது வருடம், நாலு மாதம், பதினோரு நாள் பிடித்தது. கிண்ணம் ஒன்றும் பெரியதில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்தால் கொள்கிற அளவுதான். ஆஸ்பத்திரிக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் சாவி போடுகிற கடைக்கும் நடுவே, ஆறு மேஜைகளோடு ஒடுங்கி இருந்த சைனீஸ் ஓட்டல் அது. வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரி ஆட்கள். ருசிக்காக யாரும் வருவதில்லை. மேலே ஒருத்தர் படுத்துக் கிடக்க, இங்கே வயிறு கேட்கிறதே என்று வெட்கப்பட்டபடி வருவார்கள். மிளகாய் ஊறிய வினிகரைத் தட்டில் கொட்டிக்கொள்வார்கள். கண் கலங்கினால் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தவறு சமையல் மாஸ்டருடையது, அதை அவரே ஒப்புக்கொண்டார். மாவை இழுத்து மடித்து, மறுபடி இழுத்து மடித்து, எட்டாவது மடிப்பில் இழைகளாக்கிவிடுவார். கையில் பிடித்திருக்கும் இரண்டு முனைகளையும் கத்தியால் சீவி எறிந்துவிட்டுத்தான் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். சீவாவிட்டால் தனித்தனியாகத் தெரிகிற இழைகள் அத்தனையும் ஒன்றோடொன்று தொடர்ந்து ஒரே நூலாகக் கிடக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சீவ மறந்தது ஒரே தடவைதான். பரிமாறுகிற அவர் மனைவி, ஊருக்கெல்லாம் அண்ணி, சமையல்கட்டுக்குள் தலையை நீட்டி, "மூணாம் மேஜைக்குச் சீக்கிரம் குடுங்க, அந்தாளு மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள். அந்த அவசரத்தில் கத்தி பலகையிலேயே கிடந்துவிட்டது.

மூன்றாம் மேஜையில் தையல்காரரும் அவருடைய பதினாலு வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் படியில் தவறி விழுந்த அவர் மனைவிக்கு எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தலையைத் திறந்துகொண்டிருந்தார்கள். மகளுக்கு ஃபிரைடு ரைஸ் சொல்லிவிட்டு, அவர் நூடுல்ஸின் முதல் நுனியை வாயில் வைத்து உறிஞ்சினார். அந்த நிமிடத்தில் மேலே என்ன நடந்தது என்பதை, சாயங்காலம் டீ குடிக்க வந்த நர்ஸ் அண்ணியிடம் சொன்னாள். "இதயம் நின்னுடுச்சு அண்ணி. மூடுறதுக்குத் துணிகூட எடுத்தாச்சு. திடீர்னு யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி திரும்ப ஓட ஆரம்பிச்சிடுச்சு." அப்போதும் தையல்காரர் உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தார். கிண்ணம் குறையவில்லை. ஆவி அடங்கவில்லை.

அடுத்த சில நாட்களில் விவரங்கள் தெளிவாயின. மாஸ்டரின் கத்தி அந்த இழையில் தண்ணீரில் இறங்குவதுபோல் இறங்கி மறுபுறம் வந்தது. தையல்காரரின் பல் லேசாகப் பட்டாலோ மூன்றாவது மாடியில் மிஷின் அலறியது. பின்கட்டில் இருந்த கழிப்பறை வரை இழை நீண்டு கொடுத்தது. வாசற்படியில் மட்டும் விறைத்து நின்றது. ஆகவே எண்பது தப்படி தூரத்தில் கிடந்த மனைவியை உயிரோடு வைத்திருந்த காலம் முழுக்க அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரில் தலையைச் சாய்த்து, வாயோரம் இழை தொங்க, உட்கார்ந்தபடியே தூங்கினார். சுகாதார அதிகாரி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கிண்ணத்துக்கு மூடி போடச் சொல்லி எழுதிவிட்டுப் போனார். மற்றவர்கள் முதல் மாதம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் மாதம் அவர் எதிரிலிருந்த வினிகர் பாட்டிலை, "கொஞ்சம் எடுத்துக்கறேன் அண்ணே" என்று தாண்டி எடுத்தார்கள்.

மகள் பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் தையல் கடையில் உட்கார்ந்தாள். மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு, மூன்றாவது மாடிக்குப் போய் அம்மாவைத் துடைத்துவிட்டு, அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்து சாப்பிடுவாள். விலைப்பட்டியலில் இருந்த முப்பத்தோரு அயிட்டத்தையும் எத்தனை சுற்று வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. எண்ணெய் என்றைக்கு மாற்றினார்கள் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுவாள். அவள் தைத்த சட்டைகளில் லேசாகச் சோயா சாஸ் வாடை அடித்தது. அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்ற ஒருவன் தன் அம்மாவை அழைத்து வந்தான். "உங்கப்பா ஏன் வாயில நூலைத் தொங்கவிட்டிருக்காரு?" என்று அந்த அம்மாள் கேட்டாள். "நூல் இல்லீங்க, நூடுல்ஸ்" என்றாள் இவள். டீ ஆறுவதற்குள் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

தையல்காரருக்கு அந்த இழையில் மனைவியின் உடம்பு தெரிந்தது. "உங்கம்மாவுக்கு இன்னைக்கு ஜுரம். நாக்கு சுடுது" என்பார். மகள் மேலே ஓடிப் பார்த்தால் நூற்றிரண்டு இருக்கும். ஜுரம் இல்லாத நாட்களில், "இன்னைக்கு நல்லா இருக்கா. தித்திப்பா இருக்கு" என்பார். மகள் அந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிடத்தான் தினமும் வந்தாள். இத்தனை விழுங்கியும் அவர் வயிறு நிறையவில்லை, வற்றிக்கொண்டே போனார். எட்டாவது வருடத்துக்குள் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியும் விழுந்தது. அண்ணி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். "இனிமே தெரியாமகூடக் கடிச்சிட மாட்டாரு."

ஒன்பது வருடம் முடிந்தபோது தாயின் வலது கை அசைந்தது. தினமும் மத்தியானம், பரிமாற வருகிறவரைத் தடுக்கத் தட்டின் மேல் விரிப்போமே, அதுபோல உள்ளங்கை கவிழ்ந்து விரிந்து, அப்படியே கொஞ்ச நேரம் நிற்கும். டாக்டர் நரம்பு என்றார். நர்ஸ் வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

"அப்பா, அம்மா போதும்ங்கிறாங்க" என்றாள் மகள், தட்டைத் தொடாமல்.

"யாரு சொன்னா?" வாயின் ஓரத்தால் கேட்டார் தையல்காரர்.

"கை சொல்லுது."

"நரம்பு இழுக்கும். பெரிய டாக்டரம்மா, வந்துட்டா. இதை விட்டா அவளைக் கொன்னவன் நான். அதைச் சொல்லவா அவ உன்னை அனுப்பினா?"

"முதுகுப் புண்ணுல எலும்பு தெரியுதுப்பா. தினம் துடைக்கிறவ நான். நீங்க இங்க உக்காந்து ருசிதானே பாக்குறீங்க!"

அடுத்த மேஜையில் சூப் குடித்துக்கொண்டிருந்தவர் ஸ்பூனைச் சத்தமில்லாமல் வைத்தார். தையல்காரர் எட்டு நாள் பேசவில்லை. உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒன்பதாம் நாள் மத்தியானம் மகள் உட்காரும் முன்பே ஈறுகளை இறுக்கி இழையைக் கடிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு மணி நேரம் கடித்தார். ஈறில் ரத்தம் வந்தது. இழையில் தடம்கூட விழவில்லை. மாஸ்டர் மாவுக் கையோடு சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்காரர் உதட்டுக்கு அரை அடி தள்ளி இழையை இரண்டு விரலால் பிடித்து, பொத்தான் தைத்து முடித்தவர் நூலை நீட்டுவதுபோல மகளிடம் நீட்டினார்.

"பல்லால ஆகுற காரியம். எங்கிட்ட இல்ல. உங்கம்மா பல்லு உனக்கு."

"என்னால முடியாதுப்பா."

"அன்னைக்கு வாய் கிழியப் பேசின?"

அவள் குனிந்து இழையை வாயில் வாங்கினாள். நாக்கில் பட்டதும் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சிக் காய்ச்சிச் சுண்டிய கசப்பு. சீழும் இரும்பும் கலந்த கசப்பு. இழையை விடாமல், அப்பாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

அவர் மேஜையைப் பார்த்தார்.

"தித்திப்புன்னு சொன்னீங்களேப்பா. எத்தனை நாளா?"

"மூணு வருஷம்" என்றார். கொஞ்சம் கழித்து, "மூணுக்கு மேல" என்றார்.

அவள் கடித்தாள். இரக்கத்தில் கடித்தாளா, ஆத்திரத்தில் கடித்தாளா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். இரண்டுக்கும் பல் ஒன்றுதானே என்று சொல்லிவிட்டாள். சத்தம் எதுவும் வரவில்லை. வாசலில் ஒரு பஸ் போனது. எதிரே மூன்றாவது மாடி ஜன்னலுக்கு நர்ஸ் வந்து நின்றாள், கீழே பார்த்தாள், திரையை இழுத்துவிட்டாள். தையல்காரர் தன் பக்கம் மிஞ்சியிருந்த அரை அடியை விழுங்கினார். வாயை மூடினார். அவர் உதடுகள் ஒன்றோடொன்று சேர்ந்ததை அண்ணி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் எழுந்து, வாசற்படியில் ஒரு கணம் தயங்கி, காலைத் தூக்கி வெளியே வைத்து, சாலையைக் கடந்து போனார். ஒன்பது வருடத்தில் வண்டிகளின் வேகம் கூடியிருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. வண்டிகள்தான் நின்றன.

மகளின் வாயில் மறுமுனை இருந்தது. துப்ப மனம் வரவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கிண்ணத்தை இழுத்து வைத்துச் சாப்பிட்டாள். சூடு இருந்தது. உப்பு கொஞ்சம் குறைவு. மற்ற எந்தக் கிண்ணத்தையும்போல நாலு நிமிடத்தில் அடி தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் தையல்காரர் திரும்பி வந்தார். தன் நாற்காலியில் மகள் இருப்பதைப் பார்த்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மாவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ரொம்ப இளைச்சிட்டா" என்றார். அவள் அப்போதுதான் அழுதாள். அவர் அவள் தட்டோரம் கிடந்த கைத்துடைக்கும் தாளை எடுத்துக் கொடுத்தார்.

அண்ணி வந்து காலிக் கிண்ணத்தை எடுத்தாள். மேஜையைத் துடைத்தாள். மூன்றாம் மேஜைக்காக ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் வாசலில் காத்திருந்தார்கள். அவர்களைக் கையமர்த்திவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு என்ன கொண்டாரட்டும்?"

தையல்காரர் விலைப்பட்டியலை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"எது சீக்கிரம் தீருமோ, அதைக் குடும்மா" என்றார்.