பக்கி உட்கார்ந்த இடம்

வடக்குப்பட்டிலிருந்து தான் வேலை பார்க்கும் பால்வாடிக்குப் போக காந்திமதிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ரோட்டுக்குப் போய் சிங்கப்பெருமாள் கோவில் பஸ் பிடிப்பது ஒன்று. காட்டுக்குள் குறுக்கே போகும் ஒற்றையடித் தடம் இன்னொன்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் காட்டுத் தடத்தில்தான் போனாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, பங்குனி மாதம். காசாச் செடிகளில் இலை தெரியாத அளவுக்குக் கிளையெல்லாம் நீலமாகப் பூ அப்பிக்கிடந்தது. களாப்பூ வாசனை தடத்தின் பாதி தூரம் கூடவே வந்தது. மணலில் குழியானைப் பூச்சி தோண்டிவைத்த சின்னப் பள்ளங்களின் ஓரம் குந்தி, ஒரு எறும்பு சறுக்கி விழுகிற வரைக்கும் பார்ப்பாள். விடிந்ததிலிருந்து வீட்டில் அத்தைக்கு, புருஷனுக்கு. போய்ச் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு. நடுவில் இந்தக் காடு மட்டும் யாருக்கும் இல்லாமல் அவளுக்கே இருந்தது.

அவள் புருஷன் புருஷோத்தமன் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். மோசமானவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவனோடு வேலை பார்க்கும் ராஜாமணி, தெருக்கோடி வீட்டுக்காரன், ஒரு நாள் கேட்டிருக்கிறான், பஸ் இருக்கும்போது உன் வீட்டுக்காரி ஏன் காட்டில் போகிறாள் என்று. அன்று இரவு சாப்பிடும்போது புருஷோத்தமன் அதையே அவளிடம் கேட்டான். காட்டில் பூத்திருக்கிறது, பார்த்துக்கொண்டே போகலாம் என்றுதான், என்றாள். அவன் சிரித்தான். மாமியார் கிளியம்மாள் சிரிக்கவில்லை. பூ பார்க்கவா ஒரு பொம்பளை தினமும் தனியாகக் காட்டுக்குள் போவாள் என்று முணுமுணுத்தாள். அடுத்த முறை கேட்டபோது அவனும் சிரிக்கவில்லை.

அந்த வாரம்தான் காந்திமதி பக்கிக் குருவியைக் கண்டாள். சருகு என்று நினைத்துக் கால் வைக்கப்போன இடத்திலிருந்து அது எழுந்து பறந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை. வெறும் தரையில் சருகுக்கு நடுவே இரண்டு முட்டைகள். மறுநாள் கொஞ்சம் தள்ளி, காரைப்புதர் ஓரமாக நின்று பார்த்தாள். பக்கி திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. இறகும் சருகும் ஒரே நிறம். கண்ணை மட்டும் கோடாகத் திறந்து அவளைப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் நடையை மெதுவாக்கினாள். பறவையும் எழுந்து ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அதே இடத்தில் நின்று, தாழ்ந்த குரலில், "இன்னா, இன்னும் குந்திகினுதான் கீறியா?" என்று அதைக் கேட்டாள்.

பின்னாலிருந்த புதர் உடைந்தது. புருஷோத்தமனும் ராஜாமணியும் பாய்ந்து வந்தார்கள். ராஜாமணி கையில் தடி. பக்கி சத்தமில்லாமல் எழுந்து மரங்களுக்கிடையில் மறைந்தது.

"எவன்டி அவன்? யார்கிட்ட பேசின?" என்றபடி புருஷோத்தமன் கம்பெனி பூட்ஸோடு பக்கி எழுந்த இடத்திலேயே நின்று நாலாபக்கமும் பார்த்தான். ராஜாமணி புதர்களைத் தடியால் அடித்து ஆளைத் தேடினான். காசாப்பூ கொத்துக்கொத்தாக உதிர்ந்தது.

காந்திமதி தரையைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவனை ஒருமையில் அழைத்தாள்.

"நீ காலை எடு."

அவன் எடுத்தான். முட்டை ஓடும் மஞ்சள்கருவும் சருகில் ஒட்டியிருந்தன.

"இதுங்களோட அம்மாகிட்டதான் பேசினேன்" என்றாள்.

ராஜாமணி கெக்கெக்கே என்று சிரித்தான். புருஷோத்தமன் பெரிதாக மூச்சு விட்டான். அவன் முகம் தெளிந்துவிட்டது. ஒரு குருவிதானா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே என்றான். அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. கையில் கல் இருந்திருந்தால் எறிந்திருப்பாள். பால்வாடிக்கு நடந்தாள். பிள்ளைகளுக்குக் கஞ்சி கிண்டும்போது கரண்டி அண்டாவில் இடிக்கிற சத்தத்தைக் கேட்டு ஆயா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் காட்டுத் தடத்திலேயே திரும்பினாள். வீட்டுக்குள் போகவில்லை. தெருக்குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களுக்கு நடுவே போய் நின்று, தன் புருஷன் எந்தப் புதருக்குப் பின்னால் பதுங்கினான், யார் தடி எடுத்து வந்தது, எதை மிதித்தார்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ராஜாமணியின் மனைவியும் அங்கே இருந்தாள். அவள் குடம் நிரம்பி வழிவதைக் கவனிக்கவில்லை. கிளியம்மாள் ஓடி வந்து, குடும்ப மானம் போகிறது, உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்தாள். காந்திமதி கையை உதறினாள்.

புருஷோத்தமன் வாசலுக்கு வந்தான். தெரியாமல் நடந்துவிட்டது, விட்டுவிடு என்றான்.

"பூ பாக்கப் போறேன்னு எத்தினி தபா சொன்னேன்? நம்பினியா? அங்க ஒரு ஆம்பள நின்னிருந்தா உனக்குப் புரிஞ்சிருக்கும். ஒரு பொம்பள தனியா நின்னு எதையோ பாத்துகினு இருப்பான்றதுதான் உன் மண்டைல ஏறல."

யாரும் சிரிக்கவில்லை. அவன் உள்ளே போய்விட்டான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் சமைத்தாள், பரிமாறினாள், பேசவில்லை. திங்கட்கிழமை கிளம்பும்போது அவன் காட்டோரத்தில் சைக்கிளோடு நின்றிருந்தான். சந்தேகப்பட்டது தப்புதான் என்றான். இனி நானே கொண்டுவந்து விடுகிறேன், இல்லாவிட்டால் கூட நடந்து வருகிறேன், நீ பார்ப்பதையெல்லாம் எனக்கும் காட்டு என்றான்.

"முட்டைய மிதிச்சதுக்கு?" என்று கேட்டாள்.

அவனுக்கு விளங்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் என்றான், அவசரமாக.

அவன் மெய்யாகவே வருந்துகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. கோபம் அதனால் குறையவில்லை. இந்த வழியிலும் ஓர் ஆள் கூட வந்தால், அவன் கால் எங்கே படுகிறது என்று பார்ப்பதே அவள் வேலையாகிவிடும்.

"நீ ஷிப்டுக்குப் போ. நான் தனியாத்தான் போவேன்" என்றாள்.

சைக்கிள் மணியை அவன் ஒருமுறை விரலால் தேய்த்தான், அடிக்கவில்லை. அவன் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் அவள் திரும்பாமல் காட்டுக்குள் நடந்தாள்.