பதினாறு யாருடையது?

புது இயந்திரம் வந்து இறங்கியதிலிருந்து ஓஷில்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. கருப்பைவாயில் மாற்றம் தெரிந்த பெண்களிடம் எச்பிவி கிருமியின் எந்த வகை அதிகம் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. பழைய இயந்திரத்தில் பதினாறாம் வகைதான் எப்போதும் முன்னால் நின்றது. முப்பத்தொன்றும் ஐம்பத்திரண்டும் பின்னால் முண்டியடித்தன. புதியது என்ன சொல்லும்? அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

த்ரொம்ஸோ நகரின் அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியார் மாதிரியைத் தொடுவதற்கு முன், அங்கே வேலை செய்யும் பெண்கள் தாங்களே எடுத்த மாதிரியைப் பெயர் போடாமல் வெள்ளோட்டத்துக்கு வைப்பார்கள். எது யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. ஓஷில்ட், தோர்டிஸ், யோருன், மூவரும் வைத்தார்கள்.

மதியம் முடிவு வந்தது. இரண்டு குழாயில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் பதினாறு.

"அட, மெஷின் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றாள் யோருன்.

சாப்பாட்டு மேசையில் ரொட்டிப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். ஓஷில்ட் பழுப்புச் சீஸைத் தொடாமல், அதைப் பொதிந்திருந்த தாளையே கசக்கிக்கொண்டிருந்தாள். என்னுடையதாக இருந்தால்? பரிசோதனைக்கு வரச்சொல்லி வந்த அழைப்பையெல்லாம் அப்புறம் அப்புறம் என்று தள்ளிப்போட்டவள் அவள்.

"ஏய், முழங்கால ஆட்டாதடி, மேசையே நடுங்குது." ஐம்பதைத் தாண்டிய தோர்டிஸ் சிரித்தாள். "தினம் கச்சேரி வைப்பியே, இந்தக் கிருமி முக்காவாசிப் பேருக்கு எப்பவாவது வரும், தானாப் போயிடும்னு. இன்னைக்குப் பாட்டு எங்க?"

"பதினாறத் தானாப் போகும்னு விட்டுட்டு உக்கார முடியாது தோர்டிஸ்! நம்ம மூணு பேர்ல ஒருத்திக்கு இருக்கு. கேக்கக் கூடாதாம். நாளைக்கு அவளுக்குப் புத்துநோய் வந்தா?"

"பயமா இருக்கா?"

"ஆமா. நான் டெஸ்டுக்கே போனதில்ல. போதுமா?"

யோருன் காபிக் கோப்பையை டக்கென்று வைத்தாள். "ஊர்ப் பொம்பளைங்க டெஸ்டெல்லாம் ஒன் கையிலதான் இருக்கு. ஒன்னோடது மட்டும் இல்லையா?"

"திட்டறத அப்புறம் திட்டு," என்று எழுந்தாள் ஓஷில்ட். "வழக்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம், பேர் எழுதி இன்னொரு தடவ போடலாம். வாங்க."

மறுநாள் காலை ஓஷில்ட் கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினித் திரைக்கு ஓடினாள். அவள் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. அப்பாடா என்று வந்த மூச்சு, அடுத்த வரியைப் பார்த்ததும் பாதியில் நின்றது. தோர்டிஸ், பதினாறு.

தோர்டிஸ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "போன தடவ டெஸ்டுக்குப் போனப்ப ஒண்ணுமில்லன்னுதானே சொன்னாங்க. அடுத்தது அஞ்சு வருஷம் கழிச்சுதான்னு நிம்மதியா இருந்தேன்."

"பழைய கிருமி எங்கயாவது அடங்கிக் கெடந்திருக்கலாம். இருக்குன்னா நோய்னு அர்த்தமில்ல. ஆனா, தோர்டிஸ், இப்பவே டாக்டருக்கு..."

"தெரியும். ஃபோனக் குடு. நீயும் வர்ற. இந்த மெஷினுக்கு இன்னும் பால்பல்லே விழல, அது இல்லன்னு சொன்னா இல்லாமப் போயிடுமா?"

தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லும் இசை ஓடியது. ஓஷில்ட் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். கடைசியில் ஒரு குரல் வந்தது.

"ரெண்டு பேருக்கு நேரம் வேணும்," என்றாள் தோர்டிஸ். "சீக்கிரமாக் குடுங்க, ஒருத்தி ரொம்பப் பயந்து போயிருக்கா."

ஓஷில்ட் நின்றாள். "நான் ஒண்ணும் அவ்வளவு பயப்படல."

தோர்டிஸ் பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஒன்னச் சொல்லலடி."