பச்சைக்குக் கீழே ஒரு பூச்சு

வல்லத்திராக்கோட்டை அரவை மில்லுக்குப் பின்னால் நாற்பது வருஷமாக நின்ற லாரியை எடைக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, உதிரி பாகம் ஏதாவது தேறுமா என்று பார்க்கத்தான் வசந்தகுமார் போனான். குவைத்தில் பத்தொன்பது வருஷம் கனரக வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அறந்தாங்கி சாலையில் ஒரு ஷெட் போட்டிருந்தான். வருவதெல்லாம் டிராக்டரும் மினி டெம்போவும்தான். சத்தத்தைக் கேட்டதுமே என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். அதனாலேயே வேலையில் ருசி போயிருந்தது.

இந்த லாரியைப் பார்த்ததும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. முகம் சுவரில் மோதியது போலத் தட்டையாக இருந்தது. முன்கண்ணாடி மேலே துருத்தி, கீழே உள்வாங்கிச் சரிந்திருந்தது. அப்படி ஒரு கண்ணாடியை அவன் எங்கேயும் பார்த்ததில்லை. பின்சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சீமைக்கருவேலம் முளைத்துக் கூரை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. டாஷ்போர்டில் இருந்த பித்தளைத் தகட்டை எச்சில் தொட்டுத் துடைத்தான். கனடா என்ற எழுத்து மட்டும் தெளிவாக வந்தது.

"என்ன தம்பி, கழட்டுறதுக்கு எது எதுன்னு பாத்தாச்சா?"

மில்லின் சொந்தக்காரர் செங்கமலம். அறுபத்து நாலு வயது. கணவர் போன பிறகு அவர்தான் மில்லை நடத்துகிறார்.

"இது எப்படிங்கம்மா இங்க வந்துச்சு?"

"மிலிட்டரி வண்டி. எங்க மாமனாரு உலக யுத்தத்துல ஓட்டுனது. அப்படின்னு அவரு சொல்லுவாரு."

மாமனார் மூக்கன் சொன்ன கதை இதுதான். கனடாவிலிருந்து கப்பலில் பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவில் வந்து இறங்கிய லாரி. பூட்டி முடித்ததும் முதன்முதலாக அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தது அவர்தான். பர்மா எல்லை வரைக்கும் ஓட்டினார். யுத்தம் முடிந்து ஏலம் விட்டபோது அதே வண்டியைத் தேடிப்பிடித்து எடுத்து வந்தார்.

"ஊர்ல ஒருத்தரும் நம்பல. ஏலத்துல எடுத்துட்டுப் புளுகுறாருன்னு எங்க வீட்டுக்காரரே சிரிப்பாரு. நெசமா பொய்யான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"வண்டியக் கழட்டிப் பாத்தா கொஞ்சம் தெரியும்மா."

செங்கமலம் அவனையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கழட்டுங்க. ஆனா திருப்பிப் பூட்டணும், ஓடணும். எடைக்காரர நான் அப்புறமா வரச் சொல்லிக்கிறேன்."

மரத்தை வெட்டி, டிராக்டரில் கட்டி இழுத்து, லாரியை ஷெட்டுக்குக் கொண்டுவர ஒரு முழுப்பகல் ஆனது.

ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பிஸ்டன் ஆறும் துருவில் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஓட்டைகளில் ஊற்றி வைத்தான். தினமும் காலையில் இன்ஜினைச் சுற்றும் ஹேண்டிலை முன்னால் போட்டு அழுத்திப் பார்ப்பான். பன்னிரண்டு நாள் அசையவில்லை. பதின்மூன்றாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. உடனே செங்கமலத்துக்குப் போன் போட்டான். அவரும் பஸ் ஏறி வந்து, அந்த ஒரு விரற்கடையை நகர்த்திக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இன்ஜின் பிளாக்கில் ஒரு வெடிப்பு இருந்தது. வார்ப்பிரும்பை ஒட்டத் தெரிந்தவர் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு இன்ஜின்கள் பார்க்கும் நிலவழகன். அவர் பிளாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இதுல ஏற்கனவே ஒரு ஒட்டு இருக்கே. நல்ல கைவேலை. ஆனா அவசரத்துல போட்டுருக்கான், தேச்சு வழவழப்பாக்க நேரமில்ல போல. யாரு போட்டது?"

அதுதான் வசந்தகுமாருக்கும் தெரியவேண்டியிருந்தது. மூக்கன் காலத்தில் இன்ஜினைப் பிரித்ததே இல்லை என்று செங்கமலம் சொல்லியிருந்தார்.

அதற்குள் செங்கமலம் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷெட்டுக்கு வர ஆரம்பித்திருந்தார். சும்மா உட்கார முடியாமல் உப்புத்தாளை எடுத்து டிரைவர் பக்கக் கதவைத் தேய்த்தார். மில்லுக்கு அடித்த நீலம் போனது. அதற்கடியில் ஒரு காவிச் சிவப்பு. அதற்கும் அடியில் கரும்பச்சை வந்தது.

"மிலிட்டரிப் பச்சை! மாமா சொன்னது சரிதான்" என்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் தேய்த்தார்.

"தம்பி, இங்கிட்டு வாங்க. பச்சைக்குக் கீழ என்னமோ மஞ்சளா வருது."

"பிரைமரா இருக்கும்மா" என்றபடி வந்தவன், குனிந்து பார்த்துவிட்டு நிமிரவில்லை. அது பிரைமர் இல்லை. கெட்டியாக இரண்டு பூச்சு அடித்த பெயிண்ட். வெயிலில் வெளுத்த, மஞ்சளென்றும் சாம்பலென்றும் சொல்லமுடியாத நிறம். குவைத்தில் தினமும் கண்விழித்ததும் ஜன்னலுக்கு வெளியே அவன் பார்த்திருந்த நிறம்.

ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கதவின் உள்தகட்டைக் கழற்றினான். கதவின் அடிக்குழியில் ஒரு கைப்பிடி மண் இறுகிக் கிடந்தது. பேப்பரில் உதிர்த்தான். மேலே புதுக்கோட்டைச் செம்மண். அதற்கடியில் மாவு போல வெளிறிய மண். பிறகு, குவைத்திலிருந்து வந்த நாளாகக் கழுவாத தன் பழைய டூல்பாக்ஸைக் கவிழ்த்து, அதன் மூலைகளை பிரஷ்ஷால் தட்டினான். ஒரு சிட்டிகை விழுந்தது. இரண்டும் பக்கம் பக்கமாக இருந்தன. செங்கமலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"பாலைவன மண்ணும்மா. எந்தப் பாலைவனம்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா நம்ம மண்ணு இல்ல. பர்மா மண்ணும் இப்படி இருக்காது. இந்த வண்டி மொதல்ல அங்க ஓடியிருக்கு. அங்கதான் பிளாக்கு வெடிச்சு, அவசரமா ஒட்டுப் போட்டிருக்கணும். அப்புறமாத்தான் பச்சை அடிச்சு இங்கிட்டு அனுப்பியிருக்காங்க."

"அப்ப மாமா சொன்னது பொய்யா?"

"பெட்டியில புதுசா வந்து எறங்குச்சு, அவருதான் மொதல்ல ஓட்டுனாருங்கிறது பொய். பர்மாவப் பத்தி இது ஒண்ணும் சொல்லல. பச்சை அடிச்சதப் பாத்தா அது நெசமாக்கூட இருக்கலாம்."

செங்கமலம் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பாவி மனுசன், பாதி நெசத்த வச்சுக்கிட்டு அதுலயும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்காரு!" பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "அப்ப மொதல்ல ஓட்டுனவன் யாரு தம்பி? அந்த வெயில்ல எப்படி ஓட்டியிருப்பான்?" என்று கேட்டார்.

குவைத் வெயிலைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை வசந்தகுமாரிடம் யாரும் கேட்டதில்லை. எப்போது வருகிறாய், எப்போது போகிறாய் என்பதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். ஸ்டீயரிங்கில் ஈரத் துணியைச் சுற்றிக்கொள்வதைச் சொன்னான். வெயிலில் வைத்த ஸ்பேனரை மறந்துபோய் எடுத்துத் தோல் பொசுங்கியதைச் சொன்னான். மணற்புயல் வரும்போது முதலில் ஒரு சத்தமும் இருக்காது என்றான். செங்கமலம் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அவன்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டான்.

நாலு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹேண்டிலைச் சுற்றினான். முதல் சுற்றில் அது திருப்பி அடித்து அவன் மணிக்கட்டைப் பதம் பார்த்தது. மூன்றாவதில் ஒரு தும்மல். ஐந்தாவதில் கரும்புகையைக் கக்கிவிட்டு, ஆறு சிலிண்டரும் ஒரே சீராகப் பேச ஆரம்பித்தன. செங்கமலம் காதைப் பொத்திக்கொண்டு டிரைவருக்கு அடுத்த சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பெட்ரோல் டேங்க் இன்னும் தயாராகவில்லை. அஞ்சு லிட்டர் கேனை உள்ளே கட்டி, அதிலிருந்து டியூப் இழுத்திருந்தான். வல்லத்திராக்கோட்டை மில் வரைக்கும் ஓட்டிப்போக அது போதும் என்பது அவன் கணக்கு. வண்டி குடித்த வேகத்தில் பாதி வழியிலேயே கேன் காய்ந்து, நடுரோட்டில் நின்றுவிட்டது.

பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. டிரைவர் முனியசாமி இறங்கி வந்தார். பின்னாலேயே பயணிகளும் இறங்கினார்கள். எல்லோரும் சேர்ந்து லாரியை ஓரமாகத் தள்ளினார்கள். தள்ளி முடித்ததும் ஒருவரும் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். உள்வாங்கிய கண்ணாடியைத் தடவினார்கள்.

"எந்த ஊரு வண்டிங்க இது?" என்றார் முனியசாமி.

வசந்தகுமார் வாயைத் திறப்பதற்குள் செங்கமலம் சீட்டில் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "தம்பி, நீங்க அந்தக் கேன எடுத்துக்கிட்டு பங்க் வரைக்கும் போயிட்டு வாங்க" என்று அவனை அனுப்பிவிட்டு, முனியசாமியிடம் சொல்லத் தொடங்கினார்.

அவன் திரும்பி வந்தபோதும் மினி பஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.